தறிக்குழி இருந்த இடத்தில் ஷோகேஸ்

வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிற பத்திரிகைகளில் நாலைந்து யோசனைகள் திரும்பத் திரும்ப வரும். சின்ன அறைக்கு வெள்ளை அடிச்சா பெருசாத் தெரியும். தரையில இடம் இல்லேன்னா சுவரையும் கூரையையும் பயன்படுத்துங்க. ஒரே இடத்தை ரெண்டு மூணு வேலைக்கு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டாததை எல்லாம் தூக்கி எறிங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, "இதுக்கா புஸ்தகம் போட்டு நூறு ரூவா வாங்குறாய்ங்க?" என்று.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக் கரு போட்டு இழைத்த சுவர்... கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். வரட்டும், அழகான வீடுகள்தான். ஆனால் அங்கேயிருந்து தென்மேற்கே பஸ் ஏறி அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்தால் யாரும் கேமராவை வெளியே எடுப்பதில்லை. மானாவாரி பூமி. கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் வத்தலும் விளைந்த ஊர்கள். இங்கே வீடு கட்டியவர்களிடம் பர்மா காசு இல்லை. மண்ணும் பனைமரமும் சுண்ணாம்பும் இருந்தது. அதை வைத்து அவர்கள் எப்படி வீட்டை ஒழுங்கு பண்ணினார்கள், அது எப்படி மாறிப்போச்சு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லணும். எங்க பக்கம் கரிசலும் உண்டு, செவலும் உண்டு. கரிசல் மண்ணோட குணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் பொங்கும், வெயில் அடித்தால் வெடிக்கும். கோடையில் காட்டுக்குள் நடந்தால் கால் விரல் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு இருக்கும். இந்த மண்ணின் மேல் சுவர் எழுப்பினால் அதுவும் கூடச் சேர்ந்து ஆடும். அதனால் கரிசல்காட்டு வீடுகளில் சுவர் விரிசல் விடுவது குறையே கிடையாது, சாதாரண விஷயம். வருஷா வருஷம் பூசித்தான் ஆகணும். "வீட்டைப் புதுப்பிப்பது" என்பது ஆசைப்பட்டுச் செய்கிற வேலையாக இங்கே ஆரம்பிக்கவில்லை. மண் படுத்துகிற பாடு அது.

நோய் கொடுத்த மண்ணே மருந்தையும் கொடுத்தது. மேல்மண்ணுக்கு அடியில் சுக்கான் கல் கிடக்கும். பந்தல்குடிப் பக்கம் நல்ல சுண்ணாம்புக் கல்லே இருக்கிறது. கல்லைக் காளவாசலில் போட்டுச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. (மதுரையில் காளவாசல் என்று பஸ் ஸ்டாப் பேர் சொல்லி இறங்குகிறோமே, அந்த வார்த்தைக்குச் சூளை என்றுதான் அர்த்தம்.) அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காத்துல இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகவே ஆகிவிடும். சூளையில் விட்ட வாயுவைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைச் சமன்பாடாகப் படித்தேன். எங்க அப்பத்தாவுக்குச் சமன்பாடு தெரியாது, ஆனால் அடித்த சுண்ணாம்பு "இறுக மூணு நாளாகும், அதுவரைக்கும் சாயாதீக" என்பது தெரியும்.

சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்தது காரை. காரை வீடு என்றால் அந்தக் காலத்தில் பெரிய இடம். பொண்ணு குடுக்கும்போது "காரை வீடு" என்று அழுத்திச் சொல்வாங்க. மத்தவங்களுக்கு மண்சுவர், பனங்கை போட்டு நாட்டு ஓடு, அல்லது பனை ஓலை. மங்களூரில் 1860களில் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்த ஓட்டுத் தொழிற்சாலை வழியாகப் பரவிய சீமை ஓடு பிற்பாடு இங்கேயும் வந்தது.

பழைய வீடுகளைப் பார்த்தால் இன்னொண்ணு கண்ணில் படும். தெருப் பக்கம் ஜன்னல் இருக்காது. இருந்தாலும் மூஞ்சி அளவு சதுரம், குறுக்கே ரெண்டு கம்பி. காத்தோட்டம் தெரியாத ஜனங்கள் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்ததை நம்மாட்கள் இன்னும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் வேறே. இந்த வட்டாரத்தின் பாதைகளில் கொள்ளைப் பயம் இருந்தது. தாமிரபரணிக்குத் தெற்கேயிருந்து மாட்டு வண்டியில் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழியில் வண்டியையும் சரக்கையும் காப்பாற்றுவதற்காகவே சுற்றுச்சுவர் வைத்த பேட்டைகளைக் கட்டினார்கள். ராத்திரி மாடு, வண்டி, ஆள் எல்லாம் உள்ளே. செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மகமை. ராமநாதபுரத்தின் ஆறு ஊர்கள் என்று அந்தச் சமூக வரலாற்றில் சொல்லப்படுகிற சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை எல்லாம் இப்படிப் பேட்டையில் தொடங்கி வளர்ந்தவை. 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்ட பிறகு, அந்தத் தலைமுறையில் யாருக்கும் தெருப் பக்கம் பெரிய ஜன்னல் வைக்கத் தோன்றியிருக்காது. வெளிச்சம் வேணுமா, முற்றத்தில் இருந்து எடுத்துக்கோ. வெளியே பூட்டு, உள்ளே திறப்பு, அவ்வளவுதான் அந்த வீட்டின் திட்டம்.

திருச்சுழியில் இதற்கு நேர் எதிராக ஒரு வீடு உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். குண்டாற்றங்கரை, திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடின தலம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ரமணர் பிறந்த வீடு இருக்கிறது. இப்போது சுந்தர மந்திரம் என்று பேர். அவருடைய அப்பா சுந்தரமய்யர் மனு எழுதிக்கொடுப்பதில் ஆரம்பித்து வக்கீலாக உயர்ந்தவர். ஊருக்கு வருகிற யாரும் தங்கலாம், சாப்பிடலாம் என்று வீட்டைத் திறந்தே வைத்திருந்தார், வழிப்பறிக்காரர்கள்கூட அவர் வண்டி என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று ரமணரின் சரித்திரங்களில் எழுதியிருக்கிறது. ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30. அந்த வருஷத்தைக் கவனிங்க. தாது வருஷப் பஞ்சம் 1876லிருந்து 1878 வரை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்த பஞ்சம். அது முடிந்து அடுத்த வருஷம். அப்படிப்பட்ட காலத்தில் வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டு இடமும் குடுத்த வீடு என்றால் அது சாதாரணம் இல்லை.

பஞ்சம் என்றதும் குலுக்கையைச் சொல்லாமல் விட முடியாது. மண்ணில் வனைந்து வட்டம் வட்டமாக ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி மெழுகிய ஆளுயர தானியக் கூடு. மேலே வாய், கீழே சின்ன ஓட்டை. ஓட்டையைத் துணி வைத்து அடைத்துச் சாணி போட்டு மெழுகிவிடுவார்கள். வேணும்போது துணியை உருவினால் தானியம் கொட்டும். முதலில் போட்டது முதலில் வரும். (சூப்பர் மார்க்கெட் கிட்டங்கியில் இன்னைக்கு இதைத்தான் பாடமாக நடத்துறாங்க.) குலுக்கையை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டின் மத்த ஏற்பாடெல்லாம் அடங்கும். வெளி ஆள் கண்ணில் படாத அரங்கு வீட்டில், ஈரம் ஏறாத சுவர் ஓரம். ரெண்டு குலுக்கை நின்றால் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் கிடைக்கும். பிரசவ இடமும் பெரும்பாலும் அதுதான். தானியத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை என்று சொன்னால் கவிதை மாதிரி இருக்கு, உண்மையில் வேறே மறைவான இடம் கிடையாது.

சரி, தறி வீட்டுக்கு வர்றேன். எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதான்.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். காட்டன் சேலை என்றால் மதுரைக் கடைகளில் இன்னும் எங்க ஊர் பேரைச் சொல்வாங்க. எங்க தாத்தா வீட்டில் இருந்தது குழித்தறி. தரையில் முழங்கால் ஆழத்துக்குமேல் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கணும். இடுப்புக்கு முன்னால் படைமரம், கைக்கு எட்டுகிற மாதிரி நாடா. குழி எதற்கு என்று சின்ன வயதில் கேட்டதற்குத் தாத்தா, "நூலுக்குத் தாகம் எடுக்கும்டா" என்றார். அப்ப விளையாட்டாப் பட்டது. பஞ்சு நூல் காய்ந்தால் நைந்து அறும். ஈரப்பதம் இருந்தால் பலம் கூடும். இந்த வறண்ட ஊரில் ஈரம் இருக்கிற ஒரே இடம் தரைக்கு ஒட்டின காத்துதான். அதனால் தறியைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். மண்தரையில் காலையில் தண்ணி தெளித்தார்கள். ஜன்னலைச் சின்னதாக, தாழ வைத்தார்கள், வெளிச்சம் படைமரத்தில் விழணும், காத்து பாவில் அடிக்கக்கூடாது. பட்டாசாலை இருட்டாக இருந்ததற்கு இதுதான் கணக்கு. கொள்ளைக்குப் பயந்து ஒரு பக்கம் மூடினார்கள், நூலுக்காக இன்னொரு பக்கம் மூடினார்கள்.

வீட்டின் நீளத்தை முடிவு பண்ணினதும் மனுஷன் இல்லை, பாவுதான். படைமரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் பாவு விரைத்து நிற்கும். மிச்சப் பாவு சுருட்டிக் கூரையில் தொங்கும். பட்டாசாலையில் முக்கால்வாசி இடம் இதற்கே போய்விட்டது. மீதிக் கால்வாசியில்தான் எட்டுப் பேர் குடும்பம். அங்கிட்டுப் போகணும்னா பாவுக்குக் கீழே குனிந்து போகணும். நடக்கப் பழகிய பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே "பாவைத் தொடாதே". ராத்திரி அதே பாவுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்போம். நிலா வெளிச்சத்தில் மேலே ஆயிரக்கணக்கான நூல் கோடு கோடாகத் தெரியும்.

இப்படி இடம் இல்லாத வீட்டில் சாமான் எங்கே போச்சு? எல்லாம் மேலே போச்சு. உறியில் மோரும் கருவாடும். (ஒண்ணுக்கொண்ணு எட்டத்தில், சண்டை வந்துவிடும்.) பனஞ்சட்டத்தில் கட்டின கொடிக்கம்பில் துணி. பரணில் ஓலைப்பெட்டி, கடகம், விதைத் தானியம், கல்யாணப் பாத்திரம். சுவரிலேயே குடைந்த மாடாக்குழியில் விளக்கு, சீப்பு, திருநீறு, பீடிக்கட்டு. அடுக்குப்பானையில் கீழே பெரியது, மேலே போகப் போகச் சின்னது. தரையில் நின்றது மூணே மூணுதான், தறி, தண்ணிப் பானை, அப்பத்தாவின் ராட்டை. திண்ணை பகலில் தார் சுத்துகிற இடம், சாயங்காலம் பேச்சு, ராத்திரி ஆம்பளைகள் படுக்கை. தெருவும் வீட்டில் சேர்த்திதான். விடியக்காலம் வெயில் ஏறுவதற்குள் பாவைத் தெருநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தணும். நெசவு ஊர்களில் பாவடி என்று தெருப் பேர் இருப்பது அதனால்தான். ஒரு வீட்டுக்காரர் பாவு நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் வந்து கை கொடுப்பார். அன்னிக்கு அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போகாது.

இதெல்லாம் சொல்லும்போது ஏதோ சொர்க்கம் மாதிரி ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. குழிக்குள் தேள் வரும். மழைக்காலத்தில் ஊத்து எடுத்துத் தண்ணி நிற்கும், வேலை கிடையாது, கூலி கிடையாது. தாத்தாவுக்குக் கடைசிவரை முட்டி வலி. பஞ்சுத் தூசியில் இருமல். அப்பத்தா சுத்தின தாருக்கு யாரும் தனியாகக் கூலி கொடுத்ததில்லை, சேலைக் கூலியில் அது கணக்கிலேயே வராது. பாதி வேலை பொம்பளை வேலை, முழுக் கூலி ஆம்பளை பேரில்.

வீட்டைப் புதுப்பிக்கிற வேலையும் அப்படித்தான். மார்கழி கடைசி வாரம் ஊரே சுண்ணாம்பு வாசனை அடிக்கும். தாழியில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு ராத்திரியே நீற வைத்துவிடுவார்கள். பிள்ளைகளை கிட்டே விட மாட்டார்கள், கண்ணில் தெறித்தால் போச்சு. மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியோ பசையோ சேர்த்து, கொஞ்சம் நீலம் போடுவார்கள். நீலம் போட்டால் மஞ்சளடித்த வெள்ளை பளிச்சென்று ஆகும். நார் மட்டையை நசுக்கிப் பிரஷ். சுவருக்கு வெள்ளை, அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை. காவிப் பட்டை கோயில் மதிலைப் பார்த்துச் செய்தது என்பார்கள், இருக்கலாம். ஆனால் வாசல் தெளிக்கும்போது செம்மண் தெறித்தால் வெள்ளையில் தெரியும், காவியில் தெரியாது. தரைக்குச் சாணியோடு அடுப்புக்கரியை அரைத்துச் சேர்த்து மெழுகி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் கறுப்புப் பளிங்கு மாதிரி வரும். முழு வீட்டையும் இப்படி மெழுகி முடிக்க அப்பத்தாவும் அத்தையும் மூணு நாள் குத்த வைத்தபடியே நகர்வார்கள்.

சுண்ணாம்பு அழகுக்கு மட்டும் இல்லை. அதன் காரத்தில் பூச்சியும் பூஞ்சையும் நிற்காது. அடுப்புப் புகை ஏறிக் கறுத்த சுவர் ஒரு நாளில் வெளுக்கும். ஓட்டுக்கு மேலேயே அடித்தால் உள்ளே சூடு இறங்காது. போகியன்று வேண்டாததை ஒழித்து, கூரை ஓரத்தில் கண்ணுப்பிள்ளைப் பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டினால் வீடு புதுசு. செலவு என்று பார்த்தால் சுண்ணாம்புக் காசுதான். கூலி? மேலே சொன்னேனே.

வெள்ளைச் சுவரில் என்ன மாட்டுவது என்ற கேள்விக்கும் எங்க பக்கம் நல்ல பதில் இருந்தது. 1894ல் பம்பாயில் ரவிவர்மா ஆரம்பித்த அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் பணக்கார வீடுகளுக்கு வந்தார்கள். எங்களை மாதிரி வீடுகளுக்கு சாமியைக் கொண்டு வந்தது சிவகாசி. 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்ததில், தீப்பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர் என்று ஒண்ணைப் பிடித்து ஒண்ணு வளர்ந்தது. காலண்டருக்குப் படம் வரைந்தவர்களில் முதல்வர் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976). இளவயதில் சாமியார் மாதிரி அலைந்து திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திலும் கொஞ்ச காலம் இருந்தவர். திருச்சுழியில் பிறந்தவர் திருவண்ணாமலை போனார், அங்கே போனவர் கோவில்பட்டிக்கு வந்து எங்க வீட்டுச் சுவருக்கு முருகனை வரைந்தார்! அவரும் சீடர்களும் போட்ட மீனாட்சி கல்யாணமும் பட்டாபிஷேகமும் இல்லாத வீடே கிடையாது. ஜவுளிக்கடையிலும் நூல் கடையிலும் சும்மா கொடுத்த காலண்டர். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். எங்க வீட்டில் சாமி வரிசை முடிகிற இடத்தில் எம்.ஜி.ஆர். 1977ல் எங்க தொகுதியில் ஜெயித்துத்தான் அவர் முதலமைச்சர் ஆனார், 1980ல் மதுரை மேற்குக்குப் போய்விட்டார். தாத்தா படத்தைக் கழட்டவில்லை. படத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது என்பதும் ஒரு காரணம் :)

மாற்றம் எப்ப ஆரம்பித்தது? எனக்குத் தெரிந்து சிமெண்டில். 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை வந்தது. அதற்குச் சுண்ணாம்புக் கல் எடுக்கிற சுரங்கங்களில் ஒன்று தூத்துக்குடி ரோட்டில் இருக்கிற நம்ம பந்தல்குடியில். நினைத்துப் பார்த்தால் வேடிக்கை. காளவாசலில் நீறிச் சுவருக்கு வெள்ளையாக வந்த அதே கல், இப்ப மூட்டையில் சாம்பல் நிறத்தில் வந்து அந்தச் சுவரையே இடித்தது. முதலில் சாணித் தரை போய் சிவப்புச் சிமெண்ட் தரை. பெண்கள் அதைக் கொண்டாடினார்கள், சரியாகத்தான் கொண்டாடினார்கள். மெழுக வேண்டாம், துடைத்தால் போதும். அப்புறம் மட்டப்பா. அப்புறம் மொசைக், கடைசியில் டைல்ஸ்.

கூடவே விசைத்தறி. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985ல் மத்திய அரசு சட்டம் போட்டது. சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. எங்க தெருவில் ஒவ்வொரு வீடாக 'டக்கடக் டக்கடக்' சத்தம் கேட்க ஆரம்பித்தது. விசைத்தறிக்குக் குழி வேண்டாம், சிமெண்ட் தரை வேணும். காசு இருந்தவன் கொல்லையில் ஷெட் போட்டுத் தறி வாங்கினான். காசு இல்லாதவன் அந்த ஷெட்டுக்கு வேலைக்குப் போனான். எங்க வீடு ரெண்டாவது வகை.

தாத்தா இறந்த பிறகு 1994ல் குழியை மூடினார்கள். ஒரு வண்டி மண், ரெண்டு மூட்டை சிமெண்ட். பட்டாசாலை முதல் தடவையாக முழுசாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய இடமா இது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அந்த இடத்தில் சித்தப்பா ஒரு ஷோகேஸ் வைத்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே பாசிமணிப் பொம்மை, கல்யாணத்துக்கு வந்த கடிகாரம், பிளாஸ்டிக் ரோஜா, சோழிக் கப்பல். சிரிக்காதீங்க. மூணு தலைமுறையாக எட்டுப் பேர் குனிந்து நடந்த வீட்டில், ஒண்ணுக்கும் உதவாத சாமானை வைப்பதற்கென்று ஒரு இடம் கிடைத்ததே, அதுதான் அந்த ஷோகேஸ். பிற்பாடு மத்த வரவுகள். 2006க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டி.வி. ஷோகேஸின் நடுத்தட்டில் ஏறியது. 2011க்குப் பிறகு வந்த மிக்சியும் கிரைண்டரும் அடுப்படிக்குப் போக, ஆட்டுக்கல் வாசலுக்கு வந்து செருப்பு விடுகிற இடமாச்சு. குலுக்கை நின்ற இடத்தில் நீலப் பிளாஸ்டிக் டிரம். வைகைத் தண்ணியும் தாமிரபரணித் தண்ணியும் குழாயில் வந்தாலும் நான் படித்த காலத்தில் பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான். தானியத்தைச் சேர்த்து வைத்த வீடு தண்ணியைச் சேர்த்து வைக்கிற வீடாச்சு. சேர்த்து வைக்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை, சேர்க்கிற பொருள்தான் மாறிச்சு.

இப்ப அந்த வீட்டில் அத்தை ஒருத்தர் மட்டும் இருக்கிறார். சில வருஷம் முன்னால் சித்தப்பா மண்சுவருக்கு மேலேயே சிமெண்ட் பூசி எமல்ஷன் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ரெண்டு மழை தாங்கவில்லை. ஷோகேஸுக்குப் பின்னால் சுவர் பொரிந்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி, உப்புப் பூத்தது. அத்தைக்கு அந்த வாசனையில் இளைப்பு. வீட்டை இடித்துவிட்டு மூணு பங்காகப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. "சுவரு செத்துப்போச்சு, இனி இதுல என்ன இருக்கு" என்பது சித்தப்பா கட்சி. இடித்தால் அத்தை எங்கே போவார் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பாலையம்பட்டியிலிருந்து வயசான ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கரண்டியால் ரெண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவருக்கு ஒண்ணுமில்லய்யா. மூச்சு முட்டுது" என்றார். விஷயம் இதுதான். பழைய வீட்டில் பூமியின் ஈரம் மண்தரை வழியாகவும் சுண்ணாம்புச் சுவர் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. தறிக்கு அந்த ஈரம்தானே வேண்டியிருந்தது. தரையை டைல்ஸ் போட்டு அடைத்து, சுவரைச் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டு அடைத்ததும் ஈரம் சுவருக்குள் ஏறி மாட்டிக்கொண்டது. அடிச்சுவர் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும் என்றார். இடிப்பதற்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

அத்தையிடம் சொன்னேன். "சுண்ணாம்பு அடிக்கிறதுன்னா வருஷா வருஷம் அடிக்கணும். யாரு அடிப்பா? நீ மெட்ராஸ்ல இருந்து வர்றியா?" என்று கேட்டார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடித்தால் போதும், ஆள் வைத்து அடித்துக் கூலியை நான் கொடுக்கிறேன் என்று எழுதாத ஒப்பந்தம் ஆச்சு. சித்தப்பாவும் முனகிக்கொண்டே சம்மதித்தார். பங்குப் பேச்சு அத்தை காலம் வரைக்கும் வேண்டாம் என்றும் முடிவாச்சு. இதுக்குத்தான் ரெண்டு நாள் பிடித்தது, சுவர் வேலை ஒரே வாரம்.

காளவாசலைத் தேடி அலையவில்லை, சுண்ணாம்பு இப்ப பொடியாக மூட்டையில் கிடைக்கிறது. நீலம் மட்டும் அத்தை தன் கையால்தான் போட்டார், அளவு யாருக்கும் தெரியாது என்று. மூணாவது பூச்சு காய்ந்ததும் ஷோகேஸைத் திரும்ப அதே இடத்துக்கு நகர்த்தச் சொன்னார். சுவரை ஒட்டி வைக்கப் போனோம். நாலு விரல் தள்ளி வைங்கடா, பின்னால காத்துப் போகட்டும் என்றார்.